இலைவழிக் களைக்கொல்லிகள்: நுழைவு, நகர்வு, சிதைவு

1992-93ஆம் ஆண்டுக் கோதுமைப் பருவத்தில் ஹரியானா மாநிலத்தின் வயல்கள் சிலவற்றில் உழவர்கள் எதிர்பாராத நிலையொன்றைக் கண்டனர். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நற்பயன் தந்துவந்த ஐசோபுரொட்யூரான் என்னும் களைக்கொல்லியைத் தெளித்த பின்னரும், குல்லி தண்டா எனப்படும் புல்வகைக் களை பசுமை குன்றாமல் நின்றது. அளவைக் கூட்டியும் பயன் இல்லை; மறுமுறை தெளித்தும் பயன் இல்லை. களை மிகுந்த வயல்களில் கதிர் முற்றாத கோதுமையையே கால்நடைத் தீவனமாக அறுத்துவிட நேர்ந்தது.

இத்தகைய நிலையில் மருந்து போலியானதோ, தெளித்த முறை தவறானதோ என்று ஐயுறுவது இயல்பு. ஆனால் நல்ல மருந்தை முறையாகத் தெளித்த வயல்களிலும் களை பிழைத்தது. காரணம் களைச் செடிக்குள்ளேயே இருந்தது. முன்னர் அச்செடியைக் கொன்ற நஞ்சை அது இப்போது சிதைத்துச் செரித்துவிடும் ஆற்றலைப் பெற்றிருந்தது. அந்த ஆற்றல் புதுமையானதும் அன்று. கோதுமைப் பயிர் அதே நஞ்சிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதும் அவ்வழியிலேயே.

இதனை விளங்கிக்கொள்ள, இலைமீது விழும் ஒரு துளிக் களைக்கொல்லி என்னவாகிறது என்பதை முதலிலிருந்து காண வேண்டும். அது இலைக்குள் நுழைய வேண்டும். தான் தாக்கவேண்டிய இடத்துக்குச் செல்ல வேண்டும். அங்குச் சென்று சேரும் வரை சிதையாமல் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் களை பிழைத்துவிடும். களைக்கொல்லிப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள அளவு, பருவம், நீர், தெளிப்பு முனை ஆகியவை பற்றிய அறிவுரைகள் ஒவ்வொன்றும் இம்மூன்று நிலைகளுள் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தே அமைந்துள்ளன.

மேலுறை என்னும் முதல் தடை

இலையின் இரு பக்கங்களையும் கியூட்டிகிள் என்னும் மெல்லிய மேலுறை மூடியுள்ளது. இதன் தடிப்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவோ சில மைக்ரான்களாகவோ இருக்கும். செடியின் உடலிலுள்ள நீர் வீணே ஆவியாகிவிடாமல் காப்பதே இதன் முதன்மையான பணி. உள்ளிருக்கும் நீரை வெளியே விடாத உறை, வெளியிலிருந்து வரும் மருந்து நீரையும் எளிதில் உள்ளே விடுவதில்லை.

மேலுறையின் வெளிப்புறத்தில் மெழுகுப் படிவு உள்ளது. அதன் அடியில் மெழுகு விரவிய கியூட்டின் என்னும் பொருளும், அதற்கும் அடியில் பெக்டினும் செல்லுலோசும் கொண்ட செல் சுவரும் உள்ளன. மேலே எண்ணெய்த் தன்மை. கீழே செல்லச் செல்ல நீர்த்தன்மை. ஆகவே எண்ணெயில் கரையும் மருந்து மெழுகை எளிதில் கடந்தாலும், அதன்பின் நீர்த்தன்மை வாய்ந்த பகுதியில் தயங்குகிறது. நீரில் கரையும் மருந்தோ மெழுகிலேயே தடைப்படுகிறது.

இதனாற்றான் ஒரே களைக்கொல்லி பல வடிவங்களில் தயாரிக்கப்படுகிறது. 2,4-டி என்னும் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். இதன் சோடியம் உப்பும் அமைன் உப்பும் நீரில் கரைவன. இலைக்குள் மெதுவாக நுழைவன. இதன் எஸ்டர் வடிவம் எண்ணெய்த் தன்மை உடையது. மெழுகை விரைவில் கடக்கிறது. உள்ளே சென்றதும் செடியின் நொதிகள் எஸ்டரைப் பிளந்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே களையைக் கொல்கிறது. எஸ்டருக்கு ஒரு குறையும் உண்டு. அதன் சில வகைகள் எளிதில் ஆவியாகி, காற்றில் சென்று, அண்டை வயலிலுள்ள பருத்தியைத் தாக்கக்கூடும். பருத்தி 2,4-டிக்கு மிகவும் இளகிய பயிர் என்பதால் இத்தீங்கு சிறிதன்று.

இலைத்துளைகளின் வழியே மருந்து தாராளமாக உள்ளே செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். நீரின் பரப்பு இழுவிசை மிகுதியாக இருப்பதால் சாதாரணத் துளி நீர் இலைத்துளைக்குள் புகுவது அரிது. மேலும் பல செடிகளில் இலைத்துளைகள் அடிப்பக்கத்திலேயே மிகுதி. தெளிப்பு விழுவதோ மேற்பக்கத்தில். ஆகவே பெரும்பாலான மருந்து மேலுறையை ஊடுருவியே உள்ளே செல்ல வேண்டியுள்ளது.

துளியும் நீரும்

மெழுகு படிந்த இலைமீது விழும் நீர்த்துளி முத்துப்போல் திரண்டு உருண்டோடிவிடும். புல்வகைக் களைகளின் நிமிர்ந்த குறுகிய இலைகளில் துளி தங்குவது இன்னும் கடினம். பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களை மருந்துடன் சேர்ப்பதன் நோக்கம் இதுவே. உழவர்கள் இவற்றை ஒட்டும் திரவம் என்று வழங்குகின்றனர். உண்மையில் இவை ஒட்டுவதோடு நில்லாமல், துளியை இலைமேல் பரப்புகின்றன. அது உலரும் நேரத்தைத் தள்ளிப்போடுகின்றன. மெழுகினூடே மருந்து செல்லவும் துணைபுரிகின்றன. துளி முற்றிலும் உலர்ந்து மருந்து படிகமாகிவிட்டால் நுழைவு ஏறத்தாழ நின்றுவிடும்.

எந்த நீரில் கலக்கிறோம் என்பதும் முக்கியமானது. கிளைஃபோசேட் என்னும் மருந்து கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றோடு பிணைந்து, இலைக்குள் எளிதில் நுழையாத வடிவை அடைகிறது. அம்மோனியம் சல்ஃபேட்டை முதலில் நீரில் கரைத்துப் பின்னர் மருந்தைக் கலந்தால் இத்தீங்கு குறைகிறது. கிளைஃபோசேட், பாராகுவாட் ஆகிய இரண்டும் களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்துகொள்பவை. கலங்கிய வாய்க்கால் நீரில் இவற்றைக் கலப்பதும், புழுதி படிந்த சாலையோரக் களைகள்மீது தெளிப்பதும் மருந்தின் ஒரு பகுதியை மண்ணுக்கே கொடுப்பதாகும்.

செடியின் நிலையும் நுழைவைத் தீர்மானிக்கிறது. இளஞ்செடியின் மேலுறை மெல்லியது. நீரின்றி வாடிய செடியில் மெழுகு தடித்து, உள்ளோட்டமும் மந்தமாகிவிடுகிறது. இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் எளிதில் மடியும் களை, முற்றிய பின் அதே அளவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. மழை பெய்தால் இன்னும் உள்ளே செல்லாத மருந்து கழுவப்பட்டுவிடும். பாராகுவாட் அரைமணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் இலையில் பற்றிக்கொள்கிறது. கிளைஃபோசேட்டுக்கோ பல மணி நேரம் மழையற்ற இடைவெளி தேவை.

உள்ளே நகரும் இரு வழிகள்

செடிக்குள் இரண்டு போக்குவரத்து வழிகள் உள்ளன. வேர் உறிஞ்சிய நீரை மேல்நோக்கிக் கொண்டுசெல்வது சைலம். இலையில் உருவான சர்க்கரையைத் தேவையான இடங்களுக்குக் கொண்டுசெல்வது புளோயம். சைலத்தில் ஓட்டம் ஒரே திசையில், இலைகளை நோக்கியே நடைபெறும். இலைநுனியில் விழுந்த மருந்து சைலத்தில் மட்டும் செல்லக்கூடியதாயின், அது அந்நுனியைத் தாண்டிக் கீழே இறங்காது. புளோயத்தின் திசையோ நிலையானதன்று. சர்க்கரை மிகுந்த முதிர்ந்த இலைகளிலிருந்து சர்க்கரை வேண்டிநிற்கும் தளிர், வேர், கிழங்கு, விதை ஆகியவற்றை நோக்கி அது பாய்கிறது. மருந்து இந்த ஓட்டத்தில் ஏறிக்கொண்டால்தான் இலையில் தெளித்தது வேரையும் கிழங்கையும் எட்டும்.

2,4-டி போன்ற மென்மையான அமிலங்கள் புளோயத்தில் சேரும் முறை நுட்பமானது. செல் சுவர்ப் பகுதியின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5. அந்தச் சூழலில் அமில மூலக்கூறுகளுள் ஒரு சிறு பகுதி மின்னேற்றம் இன்றி இருக்கும். அவை செல் சவ்வைக் கடந்து உள்ளே செல்லும். புளோயத்தின் உட்புறம் 8-ஐ ஒட்டிய காரத்தன்மை உடையது. அங்கே அம்மூலக்கூறுகள் மின்னேற்றம் பெறுகின்றன. மின்னேற்றம் பெற்றவை சவ்வைக் கடந்து வெளியே வர இயலாது. உள்ளே செல்ல வழியிருந்து மீண்டுவர வழியில்லாத மீன் கூட்டைப் போன்றது இவ்வமைப்பு. இவ்வாறு சிறிது சிறிதாகச் சேர்ந்த மருந்து சர்க்கரையோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

சர்க்கரை செல்லும் இடத்துக்கே மருந்தும் செல்லும் என்பதால், தெளிக்கும் பருவம் முக்கியத்துவம் பெறுகிறது. கோரை, அருகு போன்ற பல்லாண்டுக் களைகள் முளைத்த தொடக்கத்தில் கிழங்கிலும் தண்டுக்கிழங்கிலும் சேர்த்துவைத்த உணவை மேலே அனுப்பித் தளிர்க்கின்றன. அப்போது ஓட்டம் மேல்நோக்கியது. இலைகள் நன்கு வளர்ந்து, பூக்கும் பருவத்தை அடையும்போது ஓட்டம் கீழே திரும்புகிறது. கிளைஃபோசேட்டை அப்பருவத்தில் தெளித்தால் நிலத்தடிப் பகுதிகளை எட்டுகிறது. அப்போதும் கோரையின் கிழங்குச் சங்கிலியில் உறங்குநிலையிலுள்ள கிழங்குகள் சர்க்கரையை ஈர்ப்பதில்லையாதலால் மருந்தும் அவற்றைச் சேர்வதில்லை. மேலே கருகிய கோரை சில வாரங்களில் மீண்டும் தலைதூக்குவது இதனால்தான்.

அளவு கூடினால் பயன் கூடுமா?

மருந்தை இருமடங்காகத் தெளித்தால் களை இருமடங்கு விரைவாக மடியும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பல்லாண்டுக் களைகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். புளோயம் உயிருள்ள திசு. 2,4-டி எஸ்டரை மிகுதியாகத் தெளித்தால் இலையும் புளோயமும் ஓரிரு நாள்களில் கருகி, வேருக்குச் செல்லும் பாதையே அடைபட்டுவிடும். இலை மடிந்ததைக் கண்டு உழவர் மனநிறைவு அடைகிறார். வேரோ உயிருடன் இருக்கிறது.

தொடு களைக்கொல்லியான பாராகுவாட் இதற்குத் தெளிவான சான்று. 1962-இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து பசுங்கணிகத்தில் ஒளிச்சேர்க்கையின் எலெக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனுக்கு அளிக்கிறது. அதனால் உருவாகும் கொடிய ஆக்சிஜன் வகைகள் செல் சவ்வுகளைச் சிதைக்கின்றன. நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை வாடிவிடும். இவ்வளவு விரைவாகத் தான் நுழைந்த இடத்தையே அழித்துக்கொள்வதால், அது தொலைவாகப் பரவ வாய்ப்பில்லை. ஓராண்டுக் களையின் இளஞ்செடிக்கு இது போதும். கிழங்குள்ள களைக்குப் போதாது. 1974-இல் விற்பனைக்கு வந்த கிளைஃபோசேட் இதற்கு நேர்மாறானது. செடிக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களின் ஆக்கத்தைத் தடுத்து, மெதுவாகக் கொல்கிறது. அந்த மெதுவே அதன் வலிமை. செடி மடியுமுன் வேர்நுனி வரை அது பரவிவிடுகிறது.

சிதைவே பயிரின் காப்பு

நுழைவும் நகர்வும் களையிலும் பயிரிலும் ஏறத்தாழ ஒரேவகையில் நடைபெறலாம். அவ்வாறாயின் கோதுமைக்கு நடுவே நிற்கும் புல்களையை மட்டும் ஒரு மருந்து எவ்வாறு பிரித்தறிந்து கொல்கிறது? பெரும்பாலான நேர்வுகளில் மருந்து பிரித்தறிவதில்லை. பயிரே மருந்தைச் சிதைத்துத் தப்புகிறது.

செடியின் உட்புறத்தில் இச்சிதைவு மூன்று கட்டங்களில் நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் நொதிகள் மருந்து மூலக்கூற்றில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன, அல்லது அதனைப் பிளக்கின்றன. சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதித் தொகுதி இப்பணியில் முதலிடம் வகிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் குளுக்கோசோ குளுடாதயோனோ அம்மூலக்கூற்றோடு இணைக்கப்படுகிறது. இணைந்த பொருள் நீரில் நன்கு கரையும். நச்சுத்தன்மை குன்றியதாகவும் இருக்கும். மூன்றாம் கட்டத்தில் அது வாக்குவோல் என்னும் சாற்றுக் குமிழில் ஒதுக்கப்படுகிறது, அல்லது செல் சுவரோடு பிணைக்கப்படுகிறது.

நெற்பயிர் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு. புரோபனில் என்னும் களைக்கொல்லியை நெல்லின் நொதியொன்று விரைந்து பிளந்து நஞ்சற்றதாக்குகிறது. நெற்சக்களத்தி எனப்படும் குதிரைவாலி இனக் களையில் அந்நொதியின் செயல் மிகக் குறைவு; ஆதலின் அது மடிகிறது. சில பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகளையும் கார்பமேட்டு வகைகளையும் புரோபனிலை ஒட்டித் தெளித்தால் நெல்லும் கருகும். அப்பூச்சிக்கொல்லிகள் நெல்லின் காப்பு நொதியை முடக்கிவிடுவதே காரணம்.

சிதைவு எப்போதும் நஞ்சை முறிக்கும் என்பதும் இல்லை. 1950-களில் இங்கிலாந்தின் வை கல்லூரியில் பேராசிரியர் வெய்ன் குழுவினர் ஆராய்ந்த 2,4-டிபி என்னும் பொருள் தன்னளவில் பெரிதும் தீங்கற்றது. பல அகன்ற இலைக் களைகள் அதனைச் சிதைக்க முற்பட்டு 2,4-டியாக மாற்றிக்கொண்டு மடிகின்றன. குதிரைமசால் போன்ற தீவனப் பயறுகள் அம்மாற்றத்தை மிகக் குறைவாகவே செய்வதால் பிழைக்கின்றன.

கோதுமையில் புல்களைகளை ஒழிக்கப் பயன்படும் குளோடினாஃபாப், இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே காட்டுகிறது. அது எஸ்டராக இலைக்குள் நுழைகிறது. உள்ளே அமிலமாக மாறிப் புளோயத்தின் வழியே வளர்முனையை அடைகிறது. அங்கே கொழுப்பு ஆக்கத்துக்குரிய நொதியைத் தடுத்து வளர்ச்சியை நிறுத்துகிறது. களை உடனே மடிவதில்லை; இரண்டு மூன்று வாரங்களில் பழுத்துச் சாய்கிறது. கோதுமை அதே அமிலத்தை விரைவில் சிதைத்துவிடுகிறது. அச்சிதைவை மேலும் விரைவாக்கும் காப்புப் பொருள் ஒன்றும் மருந்துடனேயே சேர்க்கப்படுகிறது. இத்தகைய புல்களைக்கொல்லிகளுடன் 2,4-டியை ஒரே கலத்தில் கலந்து தெளித்தால் புல்களை மீதான பயன் குறைந்துவிடுகிறது. இரண்டையும் இடைவெளி விட்டுத் தனித்தனியே தெளிக்குமாறு கூறப்படுவது இதனை முன்னிட்டேயாம்.

குல்லி தண்டா கற்பித்த பாடம்

இப்போது தொடக்கத்தில் கூறிய கோதுமை வயலுக்குத் திரும்புவோம். குல்லி தண்டாவின் தாவரவியற் பெயர் ஃபலாரிஸ் மைனர். ஹரியானாவில் இதனை மண்டூசி என்றும் வழங்குவர். இளம்பருவத்தில் இது கோதுமையைப் போலவே தோன்றுவதால் கைக்களை எடுப்பது கடினம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். அவ்விதைகளும் கோதுமை அறுவடைக்கு முன்பே முற்றி நிலத்தில் உதிர்ந்துவிடும். குட்டைக் கோதுமை இரகங்களும், மிகுந்த பாசனமும் உரமும், ஆண்டுதோறும் நெல்லுக்குப்பின் கோதுமை என்ற சுழற்சியும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நிலைபெற்றபோது, ஈரமண்ணை விரும்பும் இக்களையும் உடன்பெருகியது.

இதற்கு எதிராக 1980-களில் ஐசோபுரொட்யூரான் பரவலாகப் பயன்பட்டது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீரியப் பொருள் இடப்பட்டது. இது வேர் வழியாகவும் இலை வழியாகவும் நுழைந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும். கோதுமை தன் பி-450 நொதிகளால் இதனைச் சிதைத்துத் தப்பியது. விலை மலிவு, பயன் உறுதி என்பதால் ஒரே மருந்து, ஒரே வயலில், ஆண்டுதோறும் பயன்படுத்தப்பட்டது. பல இடங்களில் பரிந்துரைத்த அளவினும் குறைவாகவும், மணலிலோ யூரியாவிலோ கலந்து கையால் வீசியும் இட்டனர். அவ்வாறு வீசும்போது வயலின் ஒரு பகுதியில் மிகுதியாகவும் மறுபகுதியில் மிகக் குறைவாகவும் மருந்து விழுவது தவிர்க்க இயலாதது.

கோடிக்கணக்கான களைச் செடிகளுள் மருந்தைச் சற்று விரைவாகச் சிதைக்கும் ஒரு சில செடிகள் எப்போதும் இருக்கக்கூடும். முழு அளவு மருந்தில் அவற்றுள் பலவும் மடியும். குறைந்த அளவில் அவை பிழைத்து விதை தரும். அவ்விதைகளின் வழித்தோன்றல்களுள் ஆற்றல் மேலும் மிகுந்தவை அடுத்த ஆண்டு பிழைக்கும். குறைந்த அளவு மருந்தைத் தலைமுறைதோறும் இட்டுத் தெரிவு செய்தால், ஒரு சில தலைமுறைகளிலேயே எதிர்ப்பாற்றல் விரைந்து வளர்வதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ரைகிராஸ் என்னும் புல்லில் 2005-இல் மெய்ப்பித்துக் காட்டினர். ஹரியானாவின் வயல்களில் நிகழ்ந்ததும் இவ்வகைத் தெரிவே.

ஹிசாரிலுள்ள ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஐசோபுரொட்யூரான் எதிர்ப்பை ஆய்ந்து உலகறியச் செய்தனர். பி-450 நொதிகளைத் தடுக்கும் பொருள்களை மருந்துடன் சேர்த்து அளித்தபோது, எதிர்ப்புப் பெற்ற களைகள் மீண்டும் மருந்துக்கு இணங்கின. இதனால் களையின் காப்பு அதன் சிதைக்கும் ஆற்றலே என்பது உறுதியாயிற்று. ஆயினும் அத்தடுப்புப் பொருள்களை வயலில் பயன்படுத்துவது எளிதன்று. கோதுமையின் காப்பும் அதே வகை நொதிகளிலேயே அடங்கியுள்ளது. பயிரும் களையும் ஒரே கேடயத்தை ஏந்திய பின், மருந்துக்குப் பிரித்தறியும் வழி இல்லாமற் போயிற்று.

மாற்று மருந்தும் மறு எதிர்ப்பும்

1997-98 முதல் குளோடினாஃபாப், ஃபெனாக்சாபுராப், சல்ஃபோசல்ஃப்யூரான் ஆகியவை மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டன. கோதுமை விளைச்சல் மீண்டது. ஆனால் இம்மருந்துகளும் ஆண்டுதோறும் மாறாமல் பயன்படத் தொடங்கவே, பழைய கதை திரும்பியது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து வகைகளை எதிர்க்கும் குல்லி தண்டாச் செடிகள் இருப்பதைக் கர்னாலிலுள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் அறிவித்தனர்.

எதிர்ப்பு இருவகைப்படும். மருந்து பற்றும் நொதியின் அமைப்பில் சிறு மாற்றம் ஏற்பட்டு, மருந்து அதில் பொருந்தாமற் போவது ஒருவகை. இது பெரும்பாலும் அம்மருந்தோடும் அதன் இனத்தோடும் நின்றுவிடும். மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் மிகுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையே மிகுந்த கவலைக்குரியது. ஒரு மருந்தைச் சிதைக்கக் கற்ற நொதி, அமைப்பில் தொடர்பற்ற மற்றொரு மருந்தையும், இதுவரை அவ்வயலில் தெளிக்கப்படாத மருந்தையுங்கூடச் சிதைக்கக்கூடும். ஆகவே மருந்தை மாற்றுவது மட்டுமே தீர்வாகிவிடாது.

நகர்வைத் தடுத்தும் களை எதிர்ப்புப் பெறலாம். ஆஸ்திரேலியாவில் 1996-இல் கிளைஃபோசேட்டை எதிர்க்கும் ரைகிராஸ் பற்றிய செய்தி வெளிவந்தது. அத்தகைய செடிகளில் மருந்து நுழைந்தும் வேருக்கு இறங்காமல் இலைநுனிகளிலேயே தேங்கியது பின்னர் கண்டறியப்பட்டது. வேறு சில களைகள் மருந்தைச் சாற்றுக் குமிழ்களில் அடைத்துவைத்துத் தப்புகின்றன. நுழைவு, நகர்வு, சிதைவு ஆகிய ஒவ்வொரு நிலையிலும் களைக்கு ஒரு தப்பும் வழி உண்டு என்பது இவற்றால் பெறப்படும்.

செய்யத்தக்கவை

முதலாவது, சரியான அளவு. ஐசோபுரொட்யூரான் ஹெக்டேருக்கு ஒரு கிலோ வேண்டியிருந்தது; குளோடினாஃபாப் 60 கிராமும், சல்ஃபோசல்ஃப்யூரான் 25 கிராமும் போதுமானவை. இவ்வளவு சிறிய அளவைப் பத்தாயிரம் சதுர மீட்டரில் சீராகப் பரப்ப, கைத்தெளிப்பானை முன்னரே அளந்து பார்ப்பது இன்றியமையாதது. அளவிட்ட பரப்பில் வெறும் நீரைத் தெளித்து, செலவான நீரைக் கணக்கிட்டுப் பின்னரே மருந்தைக் கலக்க வேண்டும். விசிறி வடிவில் தெளிக்கும் நாசில் களைக்கொல்லிக்கு ஏற்றது. மணலில் கலந்து வீசுவதைக் கைவிட வேண்டும்.

இரண்டாவது, சரியான பருவமும் தூய நீரும். களை இளமையாகவும், மண்ணில் ஈரம் இருக்கவும் தெளிப்பதே சிறந்தது. மூன்றாவது, தாக்கும் முறை வேறுபட்ட மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. நான்காவதும் முதன்மையானதும், மருந்தல்லாத முறைகள். குல்லி தண்டா குளிர்ந்த மண்ணில் மிகுதியாக முளைப்பதால், கோதுமையைச் சற்று முன்னதாக விதைத்தால் பயிர் முந்திக்கொள்கிறது. நெல் அறுவடைக்குப்பின் உழாமலே விதைக்கும் முறை, விதைகளை மேலே கிளறிவிடாமல் களையைக் குறைத்தது. ஹரியானாவில் இம்முறை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். பெர்சீம் தீவனப்பயிரை இடையில் பயிரிட்டால், அடிக்கடி அறுக்கப்படுவதால் களை விதை கட்டுவதற்கு முன்பே நீங்குகிறது. கரும்பு, உருளைக்கிழங்கு, சூரியகாந்தி ஆகியவற்றைச் சுழற்சியில் சேர்த்த வயல்களில் எதிர்ப்புத் தோன்றுவது தாமதமாயிற்று.

தெளிப்பவரின் பாதுகாப்பும் மறக்கத்தக்கதன்று. களையின் உறையைக் கடக்கும்படி ஆக்கப்பட்ட கலவை மனிதத் தோலோடு பட நேர்ந்தால் விளையும் தீங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். பாராகுவாட் உடலுக்குள் சென்றால் அதற்கென முறிமருந்து எதுவும் இல்லை. கையுறை, முகமூடி, காற்றின் திசை அறிந்து தெளித்தல், மருந்துக் கலன்களை வேறு பயனுக்குக் கொள்ளாமை ஆகியவை அளவு பற்றிய அறிவுரைக்கு இணையாக வற்புறுத்தப்பட வேண்டியவை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு இதில் சிறப்பான பொறுப்பு உண்டு. மருந்து பயன்தரவில்லை என்ற முறையீடு வரும்போது, நீர், பருவம், நாசில், மழை ஆகியவற்றை முதலில் விசாரித்தறிய வேண்டும். அவை குறையற்றவையாக இருந்து, அருகிலுள்ள மற்ற களைகள் மடிந்து ஒரே இனம் மட்டும் அங்கங்கே தழைத்து நின்றால், எதிர்ப்பு தோன்றிவிட்டதோ என்று ஐயுற வேண்டும். அச்செடிகள் விதை உதிர்க்குமுன் அவற்றைப் பிடுங்கச் செய்து, சில செடிகளின் விதையைச் சோதனைக்காக ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினால், ஒரு வயலோடு முடிந்துபோகக்கூடிய சிக்கல் ஒரு மாவட்டத்தையே சூழாமல் தடுக்கலாம். வடமேற்கு இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில் சில வயல்களில் கண்ட எதிர்ப்பு, அப்பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியதை நாம் கண்டிருக்கிறோம்.

புதிய தாக்கும் முறை கொண்ட களைக்கொல்லிகள் அடிக்கடி கிடைப்பனவல்ல. கைவசம் உள்ளவை நெடுநாள் பயன்பட வேண்டுமாயின், இலைக்குள் நிகழ்வதை அறிந்து அதற்கேற்ப அவற்றைக் கையாள்வது உழவருக்கும் அவருக்கு வழிகாட்டுவோருக்கும் கடமையாகும்.